பவளத்தின் கொள்ளளவு

கொளத்தூரில், வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் சாலையிலிருந்து மூன்றாவதாகப் பிரிகிற செண்பகம் தெருவில், பவளம் என்ற ஆக்சலாட்டல் ஒன்பது சிறு மீன்களை மாலையில் வாய்க்குள் வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் ஒன்பதையும் உயிரோடு வெளியே விட்டது என்ற செய்தி பரவியபோது, தெருக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி அது எப்படி முடியும் என்பதல்ல. உள்ளே தண்ணீர் நாள் முழுக்க வருகிறதா என்பதுதான். இரண்டாவது, தனி மீட்டரா என்பது. சைவக்காரர்களுக்கு மட்டும்தானா என்று மூன்றாம் வீட்டுக்காரர் கேட்டார். அந்தப் பிராணியே மண்புழு தின்கிறது, ஆகையால் அப்படி நிபந்தனை போட அதற்கு வாயில்லை என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வந்தது. அந்தத் தெருவில் வீடு சொந்தமாக உள்ளவர்கள் ஒன்பது பேர், மற்ற எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள் என்பதைச் சொல்லிவிட்டால் இந்தக் கேள்விகளின் வரிசை புரிந்துவிடும்.

ஆக்சலாட்டல் மீன் அல்ல. தெருவில் பாதிப் பேர் அதைச் சிரிக்கிற மீன் என்றும் மீதிப் பேர் மெக்சிகோ பல்லி என்றும் சொல்லிவந்தார்கள், இரண்டும் தவறு. அது தவளைக்குத் தூரத்துச் சொந்தம். வளர்ந்து, செவுளை உதிர்த்து, கரையேற வேண்டிய பிராணி. ஆனால் நாலு கால் முளைத்த பிறகும் அந்த எண்ணமே வராமல், ஆயுசு முழுக்கத் தலைப்பிரட்டையாகவே தண்ணீரில் இருந்துவிடுகிறது. கழுத்தின் இரு பக்கமும் சிவந்த இறகுகளாகச் செவுள்கள், இமையில்லாத கண்கள், காது இருந்திருந்தால் காதுவரை எட்டியிருக்கக்கூடிய, எப்போதும் சிரித்தபடி இருக்கிற வாய். தண்ணீர் பதினெட்டு டிகிரிக்கு மேல் சூடானால் அதற்கு ஆகாது என்பதால், கோதண்டபாணியின் மகன் திலீபன் அதை வாங்கியபோதே தொட்டியோடு ஒரு குளிரூட்டும் பெட்டியையும் வாங்கினான். பிறகு குளிர் தானாகவே கிடைக்கிற நார்வேக்கு வேலைக்குப் போனவன், குளிர் தேவைப்படுகிற பிராணியைக் கொளத்தூரில் விட்டுப்போனான். கோதண்டபாணி அதை "அது" என்றார். அவர் மனைவி வேதவல்லி செவுளின் நிறத்தைப் பார்த்துப் பவளம் என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

கோதண்டபாணி அரசாங்கத்தில் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடம் சென்னையின் லிஃப்ட்களுக்குள் நின்று மேலே போய்க் கீழே வந்து, ஒவ்வொன்றிலும் ஆறு நபர், எட்டு நபர் என்று தகடு அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர். அவருடைய விதிப்படி ஒரு நபர் என்பது அறுபத்தெட்டுக் கிலோ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஆறு நபர் என்று எழுதிய ஒரு லிஃப்டில் கல்யாணக் கூட்டம் ஒன்று பதினொரு பேராக ஏறி, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நாலு மணி நேரம் நின்றுவிட்டது; முகூர்த்தம் தவறக்கூடாது என்று தாலியை அங்கேயே கட்டினார்கள்; பதினொரு பேரும் பத்திரமாக வெளியே வந்தார்கள்; ஆனால் மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு மெமோ வந்தது. அன்றிலிருந்து அவர் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், கோயிலோ கிளினிக்கோ ஷேர் ஆட்டோவோ, முதலில் மனிதர்களைப் பார்ப்பதில்லை. இடத்தைப் பார்த்து உதட்டுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிக்கொள்வார்.

அவருடைய மாடிப் போர்ஷனுக்கு அவர் சொன்ன எண் நான்கு. பதினொரு மாத ஒப்பந்தத்தில் நான்காவது ஷரத்தாகவே அதைப் போட்டிருந்தார்: குடியிருப்போர் நான்கு நபர் மட்டும். மாடியில் இருந்தது ஜெசிந்தாவின் குடும்பம். ஜெசிந்தா பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. கணவன் அருளப்பன் கால் டாக்ஸி ஓட்டுகிறவன். நிர்மலுக்கு ஒன்பது வயது, ஷைனிக்கு ஆறு. கூட்டினால் சரியாக நான்கு. ஆனால் அந்தச் சித்திரையில் ஜெசிந்தாவுக்கு ஆறாவது மாதம். உள்ளே இருக்கும்வரை அது தனி நபர் அல்ல என்பதில் கோதண்டபாணிக்குச் சந்தேகமே இல்லை. கர்ப்பிணி லிஃப்டில் ஏறினாலும் ஒருவர்தான். ஆடியில் வெளியே வந்துவிட்டால் ஐந்து. ஒப்பந்தம் ஆனியோடு முடிகிறது. புதுப்பிக்க முடியாது, வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று, கோபமே இல்லாமல், தகடு அடிக்கிற குரலில் சொல்லிவிட்டார்.

இதில் இன்னொரு சங்கடம் ஆடி. அந்த மாதத்தில் குடிபோவதில் ஜெசிந்தா வீட்டாருக்கு ஆட்சேபம் இல்லை, குடிவைக்கிறவர்களுக்கு இருந்தது. ஆகவே ஆனிக்குள் போயாக வேண்டும். ஜெசிந்தா பள்ளிக்கூடம் விட்டதும் வீடு பார்க்கப் போனாள். கதவைத் திறக்கிற ஒவ்வொரு ஓனரும் அவள் முகத்தைப் பார்க்குமுன் வயிற்றைப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, வீடு நேற்றுத்தான் முடிந்துபோனது என்றார்கள்.

கோடை விடுமுறைக்கு அவர்கள் மூன்று வாரம் தூத்துக்குடிக்குப் போனார்கள். போகுமுன் ஷைனி தன் கண்ணாடிக் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு கீழே வந்து வேதவல்லியிடம் கொடுத்தாள். அதில் ஒன்பது ஜீப்ரா மீன்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம், உடம்பில் நீளவாக்கில் நீலக்கோடு. காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை என்று தீனி போடும் முறையை அவள் வேதவல்லிக்கு மூன்று முறை சொல்லி, திரும்பச் சொல்லவும் வைத்தாள்.

அக்னி நட்சத்திரத்தின் நடுநாள். மதியம் இரண்டு மணிக்குக் கிண்ணத்துத் தண்ணீர் காபிக்குப் போடுகிற பக்குவத்துக்கு வந்துவிட, ஒன்பது மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பக்கத்திலேயே அரசாங்க அலுவலகத்து ஏசி அறைபோலப் பவளத்தின் தொட்டி குளுகுளுவென்று இருந்தது. வேதவல்லி இரக்கப்பட்டுக் கிண்ணத்தை அதில் கவிழ்த்தாள். வண்ணமீன் வியாபாரத்தின் முதல் விதி அவளுக்குத் தெரியாது. அதைக் கடைத்தெருவில் இலியாஸ் பாய் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் முதலில் சொல்லிவிட்டுத்தான் மீனையே காட்டுவார். ஆக்சலாட்டலோடு சின்ன மீனை விடக்கூடாது. அதன் வாயில் நுழைகிற எதுவும் நுழைந்துவிடும். நுழையாத மீன் சும்மா இராமல் அதன் செவுளைக் கடித்துத் தின்னும். யாராவது ஒருவருக்கு நஷ்டம்.

சாயங்காலம் ஆறேகாலுக்கு, கோதண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, பவளம் வாயைத் திறந்தது. ஒன்பது மீன்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடையில்கூடக் காணமுடியாத ஒழுங்கோடு, உள்ளே போயின. கடைசி இரண்டில் ஒன்று சற்று விலகி, நீ போ என்பதுபோல் மற்றதற்கு வழி விட்டது. வாய் மூடியது. சிரிப்பு அப்படியே இருந்தது.

வேதவல்லி அன்று சாப்பிடவில்லை. குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பிவிட்டு, விடிந்ததும் இலியாஸ் பாய் கடைக்குப் போய், ஒரே அளவில், ஒரே கோட்டில் ஒன்பது ஜீப்ராக்களைப் பொறுக்கி எடுத்துக் கவரில் வாங்கிவந்தாள். வந்து பார்த்தால் பவளத்தின் வாய் திறந்திருக்க, பழைய ஒன்பதும் ஒவ்வொன்றாக வெளியே வந்து, சோம்பல் முறித்து, தீனிக்காக மேலே பார்த்துக்கொண்டிருந்தன. கையில் இருந்ததை வேறு எங்கே விடுவது? அதிலேயே விட்டாள். அன்று மாலை பதினெட்டும் உள்ளே போயின. மறுநாள் பதினெட்டும் வெளியே வந்தன.

இலியாஸ் பாய் நேரில் வந்து பார்த்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு விட்டுடுச்சு சார், நாளைக்கு முழுங்கிடும்," என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் அதற்குப் பிறகு தினமும் வந்து சொன்னார்.

கோடை ஏற ஏற, தெருவில் கிண்ணத்திலும் ஜாடியிலும் மீன் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். முதலில் கூச்சத்தோடு, இரண்டு நாளைக்கு மட்டும் என்று. பிறகு சொந்தக்காரர் வீட்டில் பெட்டியை இறக்குவதுபோல. கப்பி வந்தது, மோலி வந்தது, மூன்றாம் வீட்டிலிருந்து ஒற்றைக் கண் தங்கமீன் ஒன்று வந்தது. கோதண்டபாணி ஒரு நீள நோட்டை எடுத்து இரண்டு பத்தி கோடு போட்டு, உள்ளே, வெளியே என்று தலைப்பிட்டு, காலை ஆறுக்கும் மாலை ஆறேகாலுக்கும் எண்ணி எழுத ஆரம்பித்தார். ஒருநாள் ஒரு கப்பி விளையாட்டு மும்முரத்தில் ஆறே முக்காலுக்கு வந்து மூடிய வாயின் முன் நின்றது. பவளம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த வாடகைக்காரர்களிடையே ஒரு முணுமுணுப்பு ஓடியது. பத்து மணிக்கு மேல் கேட்டைத் திறக்காத ஓனர்களின் பெயர்கள் அன்று அந்த ஜன்னலருகே மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன.

மாலை ஆறேகால் தெருவின் நேரமாகிவிட்டது. இஸ்திரி வண்டி அந்த வேளைக்கு அங்கே வந்து நின்றது. பால் பாக்கெட் போடுகிறவர் காலை ஆறுக்கு மீன்கள் வெளியே வருவதைப் பார்க்காமல் அடுத்த தெருவுக்குப் போகமாட்டார். புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். பெரம்பூரில் இந்தச் செய்தி கேட்டு மூன்று வீடுகளில் ஆக்சலாட்டல் வாங்கி மீன்களை விட்டுப் பார்த்தார்கள். அங்கே மீன்கள் உள்ளே போயின, வரவில்லை. அவை வெறும் ஆக்சலாட்டல்கள்.

ஜூன் முதல் வாரத்தில் ஊரிலிருந்து திரும்பிய ஷைனி தொட்டியில் இருந்த நூற்றுச் சொச்சம் மீன்களை மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்து, அவள் மீன் எது என்று கோதண்டபாணியிடம் கேட்டாள். கோடு போட்டவை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன, எப்படிச் சொல்வது என்று அவர் தடுமாறினார்.

"முன்னாடி ஒன்பது பேர் நிக்கிறாங்கல்ல தாத்தா, அவங்கதான். முதல்ல குடிவந்தவங்க முன்னாடிதான் நிப்பாங்க," என்றாள் ஷைனி.

அந்த வாரத்தில்தான் நோட்டில் அது நடந்தது. செவ்வாய் மாலை உள்ளே: நூற்று மூன்று. புதன் காலை வெளியே: நூற்று ஏழு. மூன்று முறை எண்ணினார். கடைசியாக வந்த நான்கும் கண்ணும் வாலும் மட்டுமே உள்ள பொடிக் கப்பிகள், தாயின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தன. கோதண்டபாணியின் முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு லிஃப்டிலும் ஏறியதைவிட அதிகமாக யாரும் இறங்கியதில்லை.

வேதவல்லி அவருக்கு எதிரில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நபர்னா அறுபத்தெட்டுக் கிலோன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றீங்க. மேல இருக்கிற நாலு பேரையும் சேர்த்து நிறுத்தினாக்கூட நூத்தி எழுபது வராது. மூணு நபர்கூட இல்ல. பொறக்கிறது மூணு கிலோ. உங்க கணக்குப்படியே இன்னும் ஒருத்தருக்கு மேல இடம் பாக்கி இருக்கே."

"லிஃப்ட்ல ஏறுனவன் அவன் மாடி வந்தா இறங்கிடுவான். வீட்ல ஏறுனவன் இறங்கமாட்டான். அதுக்குக் கணக்கு வேற," என்றார் கோதண்டபாணி. பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவர் கண் நூற்று ஏழின் மேல் இருந்தது.

மற்ற எட்டு ஓனர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை, தெருமுனை மூன்று மாடி வீட்டின் பொன்னுரங்கம். மேசை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே குறைகளை அடுக்கினார்: அவருடைய இரண்டாம் மாடிக்காரன் போன வாரம் மச்சானைக் கூட்டிவந்து தங்கவைத்துவிட்டு, பவளம் ஏதாவது சொன்னதா என்று கேட்கிறான், இன்னொரு வீட்டில் சுவரில் ஆணி அடித்துவிட்டார்கள், ஒரு வீட்டில் ஓனரைப் பார்த்து, சிரித்தால்தான் என்ன என்று ஒரு சின்னப் பெண் கேட்டிருக்கிறாள். ஆகவே தொட்டியின் மேல் இத்தனை மீன் மட்டும் என்று ஒரு தகடு வைத்துவிட வேண்டும். அதற்குமேல் ஒன்றுகூட உள்ளே விடக்கூடாது.

"நீங்க போடாத தகடா சார். ஒரு எண்ணை எழுதி ஒட்டுங்க, அவ்வளவுதான்," என்றார்.

தகடு என்ற சொல் கோதண்டபாணியை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஆனால் சோதிக்காமல் ஒரு எண்ணை எழுதுவது அவர் வாழ்நாளில் செய்யாத காரியம். சுமைச் சோதனை செய்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றார்.

சோதனை ஆனி மாதத்து மூன்றாவது சனிக்கிழமை நடந்தது. இலியாஸ் பாய், நாளைக்கு முழுங்கிடும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, முந்நூறு ஜீப்ராக்களைக் கவர் கவராகக் கொண்டுவந்தார். கோதண்டபாணி வேதவல்லியின் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து, கிண்ணத்துத் தண்ணீரோடு சேர்த்து நிறுத்து, தண்ணீரைக் கழித்து, பவளத்தின் எடையை எழுதினார்: இருநூற்றுப் பதினான்கு கிராம். ஆறேகாலுக்கு வாய் திறந்தது. தொட்டியிலிருந்த எல்லா மீன்களும், புதிதாக வந்த முந்நூறும், உள்ளே போய் முடிக்க இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. பொன்னுரங்கம் பவளத்தின் வயிறு உப்புகிறதா என்று குனிந்து பார்த்தபடியே இருந்தார். உப்பவில்லை. கோதண்டபாணி மறுபடி நிறுத்தார். இருநூற்றுப் பதினான்கு. தராசைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தார். தன் மூக்குக்கண்ணாடியை வைத்துத் தராசு வேலை செய்கிறதா என்று பார்த்தார், செய்தது. மறுபடியும் இருநூற்றுப் பதினான்கு.

அவர் கடைத்தெருவில் அடித்துவாங்கி வந்திருந்த பித்தளைத் தகட்டில் 'கொள்ளளவு' என்றும், சற்றுத் தள்ளி 'நபர் மட்டும்' என்றும் இருந்தன. நடுவில் எண்ணுக்கு இடம். அந்த இடம் அப்படியே இருந்தது.

ஜெசிந்தா படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து, முட்டிமேல் கையை ஊன்றி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பதாவது மாதம். வீடு ஒருவழியாகக் கிடைத்திருந்தது, செங்குன்றத்துக்கும் அப்பால், ஒரே அறை, குழாய் வெளியே. பிள்ளைகளின் பள்ளிக்கும் அவளுடைய பள்ளிக்கும் இரண்டு பஸ் மாற வேண்டும். பிரசவத்துக்குப் பேசிவைத்திருந்த ஆஸ்பத்திரி இங்கே, நடக்கிற தூரத்தில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை சாமான் ஏற்றுவதாக முடிவாகியிருந்தது.

"சார்," என்றாள், எழுந்திருக்காமல். "இதுக்கு உள்ள நானூறு பேரு போயிருக்காங்க. கணக்குல ஏறல. எனக்குள்ள ஒண்ணு இருக்கு, அதுவும் கணக்குல இல்ல. வெளிய வந்தாத்தான் கணக்குன்னா, அது எங்க வந்தா கணக்கு இல்லாம இருக்கும்னு ஒரு இடம் சொல்லுங்க. அங்க போயி பெத்துக்கறேன்."

பொன்னுரங்கம் தொண்டையைக் கனைத்தார். கோதண்டபாணி தகட்டைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தார். அந்த வாரம் முழுக்க அவர் காலையும் மாலையும் எண்ணுவதைக்கூட ஷைனியிடம் விட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, திறக்கிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எடையால் அளக்க முடியாத ஓரிடத்தை நேரில் போய்த்தான் அளக்க வேண்டும் என்பது விதிப்புத்தகத்தில் இல்லை. ஆனால் தகடு எழுதும் முன் ஆய்வாளர் கூண்டுக்குள் நின்று பார்க்க வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது.

ஆனியின் கடைசிச் சனிக்கிழமை, வாசலில் சின்ன லோடு வண்டி வந்து நின்று, அருளப்பன் பீரோவையும் கட்டிலையும் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஐந்தரைக்குக் கோதண்டபாணி குளித்துவிட்டு, பரணிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, பட்டன் வயிற்றில் ஏறாததால் அதை விட்டுவிட்டு, டார்ச்சையும் பென்சிலையும் பதினாறு அடி டேப்பையும் பையில் வைத்துக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு ஏறினார்.

"அரை மணி நேரத்துல வரலேன்னா மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிடு," என்றார் வேதவல்லியிடம். எந்த லிஃப்டுக்குள் போகும்போதும் வாட்ச்மேனிடம் அவர் சொல்லிவந்த வாக்கியம் அது. இங்கே அதனால் என்ன பயன் என்று அவரும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் போய் ஸ்விட்சுக்குக் கீழே நின்றுகொண்டாள்.

ஆறேகாலுக்கு வாய் திறந்தது. மீன்கள் போயின. வரிசையின் முடிவில் கோதண்டபாணி குனிந்தார்; கடைசி மீன் விலகி அவருக்கு வழி விட்டது; அவர் வேண்டாம், நீ போ என்று கையைக் காட்டிவிட்டு, அது போனபின், தலையை நுழைத்து, தோளைச் சற்றுத் திருப்பி, ஏற்கெனவே ஏழு பேர் இருக்கிற ஷேர் ஆட்டோவில் எட்டாவதாக ஏறுகிறவர் படுகிற அளவு சிரமம்தான் பட்டு, செருப்போடு உள்ளே போனார். வாய் மூடியது. பவளம் தொட்டியின் அடியில் நின்ற இடத்திலேயே நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க நின்றது. உள்ளே ஃபேன் இருக்குமா என்று யாரோ கேட்டார்கள். இலியாஸ் பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மட்டும் அவர் தன் வாக்கியத்தைச் சொல்லவில்லை. ஏழாவது நிமிடத்தில் பொன்னுரங்கம் வேதவல்லியின் பக்கத்தில் வந்து, வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று மெதுவாக விசாரித்தார். அவள் ஸ்விட்சிலிருந்து கண்ணை எடுக்காமல், பவளம் பேரில் என்றாள்.

பதினோராவது நிமிடத்தில் வாய் திறந்து கோதண்டபாணி வெளியே வந்தார். வலது காது மட்டும் நனைந்திருந்தது. முக்காலியில் நின்று மூச்சு வாங்கினார். வழியாக இருக்கிறதா, அறையாக இருக்கிறதா, காற்றோட்டம் உண்டா, மீன்கள் எங்கே தூங்குகின்றன, கிழக்குப் பார்த்த வாசலா என்று கேள்விகள் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே வந்து விழுந்தன. அவர் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் காதைத் துடைத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். அங்கே அருளப்பன் கேஸ் அடுப்பைத் தூக்கிப்பிடித்தபடி நின்றிருந்தான்.

"அதை மேல கொண்டுபோங்க," என்றார். "இடம் இருக்கு."

அருளப்பன் அடுப்பை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. ஜெசிந்தா வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்: "எத்தனை பேருக்கு சார்?"

அது நியாயமான கேள்வி. அவரே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. கோதண்டபாணி பதில் சொல்வதற்காகப் பையில் கைவிட்டார். டார்ச் இருந்தது, பென்சில் இருந்தது. டேப்பை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அளந்துட்டுத்தான் சொல்ல முடியும்," என்றார். "அளக்காம நான் எதையும் எழுதறதில்ல. அதுவரைக்கும் நாலாவது ஷரத்து காலியா இருக்கட்டும். நீங்க இறங்குங்கம்மா, படி பாத்து."

சாமான்கள் ஏற்றியதைவிட வேகமாக இறங்கின. இஸ்திரிக்காரர் கட்டிலுக்கு ஒரு பக்கம் கைகொடுத்தார். இலியாஸ் பாய் பீரோவைத் தள்ளும்போதுதான், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவர்போல, நாளைக்கு முழுங்கிடும் என்றார்.

மறுநாள் காலை ஆறுக்கு மீன்கள் வெளியே வந்தபோது, முன்னால் வந்த ஒன்பதும் டேப்பின் நுனியை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு வந்தன. ஓர் அடி வந்தது. அதற்குமேல் அவற்றுக்கு முடியவில்லை; தீனிக்குப் போய்விட்டன. கோதண்டபாணி நோட்டில் ஓர் அடி என்று எழுதி, நுனியைப் பிடித்து இழுக்கப் போன பொன்னுரங்கத்தின் கையைத் தடுத்துவிட்டார். ஆய்வு நடக்கும்போது வெளியாட்கள் தொடக்கூடாது. அதற்கடுத்த நாள் இன்னோர் அடி. ஆடி ஒன்பதாம் தேதி ஜெசிந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இரண்டே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது கேட்டருகே நோட்டோடு நின்றிருந்த கோதண்டபாணி, உள்ளே என்ற பத்தியில் ஒன்று என்று எழுதி, வெளியே என்ற பத்தியில் ஒரு கோடு இழுத்தார்.

தகடு இப்போது தொட்டியின் மேல் மாட்டப்பட்டிருக்கிறது, நடுவில் காலியிடத்தோடு. வாடகைக்காரர்கள் வேலைக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மாடி வீட்டு ஒப்பந்தம், நாலாவது ஷரத்தில் எண் இல்லாததால், இன்னும் கையெழுத்தாகவில்லை. அளவு முடிந்ததும் எழுதிவிடலாம் என்கிறார் கோதண்டபாணி. அவசரப்படுகிற மாதிரி தெரியவில்லை.

டேப் பதினாறு அடி டேப். இன்று காலை வரை நாற்பத்து மூன்று அடி வந்திருக்கிறது, எண்கள் அதே அச்சில், விடுபடாமல் தொடர்கின்றன.